ஒரு கல்... ஒரு ஜன்னல்!

பெர்லினுக்குப் போகிறவர்கள் தவறாமல் செய்கிற காரியங்கள் மூன்று. பிராண்டன்பர்க் வாசல் முன்னால் நின்று போட்டோ எடுத்துக் கொள்வார்கள். இடிந்த பெர்லின் சுவரின் துண்டு என்று சொல்லி விற்கிற கலர் பூசிய சிமென்ட் சில்லைக் காசு கொடுத்து வாங்குவார்கள். அப்புறம் மெல்லிய குரலில், 'ஹிட்லர் செத்த இடம் எங்கே?' என்று விசாரிப்பார்கள்.

ஹிட்லர் செத்த இடத்தில் இப்போது கார்களை நிறுத்துகிறார்கள். ஓர் அறிவிப்புப் பலகை மட்டும் நிற்கிறது. சிலையும் கிடையாது, மண்டபமும் கிடையாது. 'நல்ல முடிவு' என்று மனசுக்குள் கைதட்டினேன்.

மூன்று காரியங்களையும் ஒரே காலை நேரத்தில் முடித்துவிட்டோம். 'டோம்' என்றால்... நான், என் மச்சான், மச்சானின் மகள். அவள் பெர்லினில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறாள். தங்கின இடமும் சாப்பாடும் அவள் உபயம்.

மச்சானைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரிட்டயர்டு ஹிஸ்டரி வாத்தியார். முப்பத்திரண்டு வருஷம் பத்தாம் வகுப்புக்கு இரண்டாம் உலகப் போர் நடத்தியவர். ரிட்டயராகிப் பல வருஷமாகியும் அந்தப் போரை இன்னும் முடித்தபாடில்லை! மியூஸியமோ, கல்வெட்டோ, தெருமுனைப் பலகையோ... எதுவாக இருந்தாலும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து, பரீட்சைப் பேப்பர் திருத்துகிற தோரணையில்தான் படிப்பார். எங்கேயாவது ஒரு வருஷம் தப்பாக இருக்காதா என்கிற நப்பாசை. ஜெர்மன்காரர்கள் அவரை ரொம்பவும் ஏமாற்றிவிட்டார்கள். ஒரு தப்புகூட அகப்படவில்லை.

பிராண்டன்பர்க் வாசலிலிருந்து தெற்கே நாலு எட்டு வைத்தால், கொல்லப்பட்ட ஐரோப்பிய யூதர்களுக்கான நினைவிடம். ஏறி இறங்குகிற தரையில் சாம்பல் நிறத்தில் 2,711 கான்கிரீட் பாளங்கள். ஓரத்தில் நிற்பவை முழங்கால் உயரம்கூட இல்லை. உள்ளே போகப் போக ஆளையே விழுங்குகிற உயரம். பீட்டர் ஐஸன்மன் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. 2005-ல் திறந்தார்கள். அறுபது லட்சம் பேருக்காக.

மச்சான் உள்ளே போய் வெளியே வருவதற்குள் அரை மணி நேரமாகிவிட்டது. முகம் வாடியிருந்தது.

"அப்பா, ரோட்டைத் தாண்டினா இன்னொண்ணு இருக்கு. சின்னதுதான். அதையும் பார்த்துடலாம்" என்றாள் மகள்.

"அது யாருக்கு?"

"வாங்க, சொல்றேன்."

பெர்லின் சிக்னல்களில் பச்சை விளக்கு எரிந்தால் தொப்பி போட்ட குட்டி மனுஷன் ஒருவன் விறுவிறுவென்று நடப்பான். பழைய கிழக்கு பெர்லின் ஆசாமி. நாடு ஒன்றானபோது இவனைத் தூக்கிவிடப் பார்த்தார்கள். ஜனங்கள் விடவில்லை. சண்டை போட்டுக் காப்பாற்றிவிட்டார்கள். அவன் நடந்தால்தான் நாமும் நடக்கலாம். அன்றைக்கு ரோட்டில் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு வண்டி இல்லை. அப்படியும் எங்கள் பக்கத்தில் ஒரு பாட்டியம்மா பையோடு அசையாமல் நின்றுகொண்டிருந்தார்.

மச்சானுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. "பார்த்தீங்களா மாப்பிள்ளை! சட்டம்னா இப்படித்தான் மதிக்கணும்!" என்றார்.

அந்த வார்த்தைக்குப் பதில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் காத்திருந்தது.

* * *

அந்தப் பக்கம் டியர்கார்டன். நகரத்தின் நடுவில் ஐந்நூறு ஏக்கருக்கு மேல் விரிந்து கிடக்கிற பூங்கா. நுழைந்த கொஞ்ச தூரத்தில் மரங்களுக்கு நடுவே ஒரே ஒரு கான்கிரீட் பாளம். எதிர்ப்புறம் பார்த்த 2,711-ல் ஒன்று மட்டும் கூட்டத்தை விட்டுப் பிரிந்து, ரோட்டைத் தாண்டி வந்து, மரத்தடியில் தனியாக ஒதுங்கி நிற்கிற மாதிரி இருந்தது. கொஞ்சம் சாய்ந்தாற்போல் நிற்கிறது. உயரம் 3.6 மீட்டர், அதாவது சுமார் 12 அடி. அகலம் 1.9 மீட்டர்.

மாலை இல்லை. மேடை இல்லை. பெயர் வரிசை இல்லை. அதன் முகத்தில் ஒரு சின்ன ஜன்னல் மட்டும்.

அந்த ஜன்னலுக்குள் என்ன இருக்கிறது என்று தூரத்தில் நின்று பார்த்தால் தெரியாது. பக்கத்தில் போய் முகத்தைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். ஒரு சமயத்தில் ஒருத்தர், மிஞ்சிப் போனால் இரண்டு பேர். யாரோ வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்க்கிற மாதிரி உடம்பு கூசுகிறது. அப்படிக் கூச வேண்டும் என்றுதான் செய்திருக்கிறார்களோ என்று தோன்றியது.

முதலில் மச்சான் போனார். கைகளைப் பின்னால் கட்டியபடி எட்டிப் பார்த்தார். சட்டென்று விலகினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி பார்த்தார்.

அப்புறம் நான். உள்ளே ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. முத்தம். ஆணும் ஆணும். பெண்ணும் பெண்ணும். அவ்வளவுதான். கதை இல்லை, வசனம் இல்லை. மறுபடி முதலிலிருந்து.

"இதுக்காகவா கொன்னாங்க?" என்றார் மச்சான்.

"இதுக்காகத்தான் அப்பா" என்றாள் மகள்.

ஹிட்லர் காலத்தில் வேட்டையாடப்பட்ட தன்பாலீர்ப்பாளர்களுக்கான நினைவுச் சின்னம் இது. 2003 டிசம்பரில் ஜெர்மன் நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது. மைக்கேல் எல்ம்கிரீன் என்ற டென்மார்க்காரரும் இங்கர் டிராக்செட் என்ற நார்வேக்காரரும் சேர்ந்து வடிவமைத்தார்கள். 2008 மே 27-ல் திறப்பு விழா. வந்திருந்தவர்களில் முக்கியமானவர் அப்போதைய பெர்லின் மேயர் கிளாவுஸ் வோவராய்ட். 2001-ல் பதவிக்குப் போட்டியிடும்போதே, 'நானும் தன்பாலீர்ப்பாளன்தான். அதுவும் நல்லதுதான்' என்று கட்சி மாநாட்டு மேடையில் சொன்ன மனிதர். சொல்லிவிட்டு ஜெயித்தார். பதின்மூன்று வருஷம் மேயராக இருந்தார்.

அதே ஊரில் அதே வார்த்தையைச் சொன்னால் ஜெயில் என்றிருந்த காலம் ஒன்று உண்டு. கேளுங்கள்.

* * *

ஜெர்மன் குற்றவியல் சட்டத்தில் 175 என்று ஒரு பிரிவு. 1871-ல் எழுதியது. ஆணும் ஆணும் உறவு கொண்டால் சிறை. அதை எதிர்த்துக் கிளம்பியவர் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் என்ற டாக்டர். 1897-ல் ஒரு சங்கம் ஆரம்பித்து, 'இந்தச் சட்டத்தை எடுங்கள்' என்று நாடாளுமன்றத்துக்கு மனு எழுதினார். வருஷம் போகப் போக அதில் கையெழுத்துப் போட்டவர்கள் யார் யார் தெரியுமா? ஐன்ஸ்டைன்! தாமஸ் மன்! 1919-ல் இதே டியர்கார்டன் பக்கத்தில் ஒரு பெரிய மாளிகையை வாங்கி ஆராய்ச்சி நிலையம் வைத்தார். ஆயிரக்கணக்கான புத்தகங்கள், படங்கள், நோயாளிகளின் குறிப்புகள். 1930-ல் உலகம் சுற்றக் கிளம்பி இந்தியாவுக்கும் வந்து போயிருக்கிறார் மனிதர்.

1929-ல் நாடாளுமன்றக் கமிட்டி ஒன்று பிரிவு 175-ஐ நீக்கலாம் என்று ஓட்டுப் போட்டது. 15-க்கு 13. முழு சபைக்கு வந்தால் முடிந்தது விஷயம். வரவில்லை. 1933-ல் ஹிட்லர் வந்தான்.

அந்த வருஷம் மே 6-ம் தேதி காலை, நாஜி மாணவர்கள் லாரிகளில் வந்து அந்த நிலையத்தைச் சூறையாடினார்கள். மே 10-ம் தேதி ராத்திரி நகரத்தின் நடுவே புத்தகங்களைக் குவித்துக் கொளுத்தினார்களே, சரித்திரப் புத்தகங்களில் போட்டோகூட இருக்குமே... அந்தத் தீயில் ஹிர்ஷ்ஃபெல்டின் நூலகமும் எரிந்தது. அவர் அப்போது வெளிநாட்டில் இருந்தார். தன் புத்தகங்கள் எரிவதைப் பாரிஸ் நகரத் தியேட்டர் ஒன்றில் நியூஸ் ரீலில் பார்த்தாராம். திரும்பி வரவே இல்லை. 1935-ல் பிரான்ஸில் கண்ணை மூடினார்.

"அந்தப் போட்டோவை வருஷா வருஷம் பசங்களுக்குக் காட்டியிருக்கேன்" என்றார் மச்சான். "எரியறது என்ன புத்தகம்னு நான் சொன்னதில்லை. எனக்கே யாரும் சொல்லலை."

1935-ல் சட்டத்தை இன்னும் இறுக்கினார்கள். அதற்கப்புறம் தொட்டிருக்கக்கூட வேண்டாம். பார்த்த பார்வையே குற்றமாகலாம். ஒருவனைப் பிடித்து அவனுடைய முகவரிப் புத்தகத்தைப் பறித்தால் போதும், அடுத்த பத்துப் பேர் கிடைத்துவிடுவார்கள். ஹிட்லர் ஆட்சியில் தண்டனை பெற்றவர்கள் சுமார் 50,000 பேர். அதில் 5,000-லிருந்து 15,000 பேர் வரை வதைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள் என்று கணக்கிடுகிறார்கள்.

முகாமில் சட்டை மேல் ஒரு முக்கோணத் துணி தைத்திருக்கும். அரசியல் கைதிக்குச் சிவப்பு. கிரிமினலுக்குப் பச்சை. 'சமூகத்துக்கு ஒவ்வாதவர்' என்று முத்திரை குத்தப்பட்டவருக்குக் கறுப்பு. யெகோவாவின் சாட்சிகளுக்கு ஊதா. ஆணை நேசித்த ஆணுக்கு ரோஸ். ரோஸ் முக்கோணத்தைக் கண்டால் காவலர்களுக்கு மட்டுமல்ல, பல கைதிகளுக்கும் இளக்காரம். முகாமின் கடைசிப் படிக்கட்டு அது. கல் உடைக்கிற இடத்துக்கு முதலில் அனுப்புவது அவர்களைத்தான். பெரும்பாலானவர்கள் திரும்பவில்லை.

பெண்கள்? ஜெர்மனியில் பிரிவு 175 பெண்களைத் தொடவில்லை. அதனால் தப்பித்தார்கள் என்று நினைக்காதீர்கள். அவர்கள் கூடும் விடுதிகளை மூடினார்கள். பத்திரிகைகளை நிறுத்தினார்கள். வேறு காரணம் காட்டி உள்ளே தள்ளினார்கள். ஃபிராங்ஃபர்ட்டில் கடையில் வேலை பார்த்த ஹென்னி ஷெர்மன் என்ற யூதப் பெண்ணை 1940-ல் பிடித்து ராவென்ஸ்புருக் முகாமுக்கு அனுப்பினார்கள். முகாம்களில் யாரைக் கொல்லலாம் என்று பொறுக்கி எடுக்க வந்த டாக்டர் அவளுடைய போட்டோவின் பின்பக்கத்தில் குறிப்பு எழுதினார்: பெண்களை விரும்புகிறவள், அப்படிப்பட்டவர்கள் கூடும் விடுதிக்குப் போகிறவள், யூதப் பெண்கள் சேர்த்துக்கொள்ள வேண்டிய 'சாரா' என்ற பெயரைத் தவிர்த்தவள். அவ்வளவுதான் குற்றப் பத்திரிகை! 1942-ல் விஷவாயு.

முதலில் இந்த ஜன்னலில் இரண்டு ஆண்களின் முத்தம் மட்டும்தான் ஓடியதாம். 'நாங்கள் எங்கே?' என்று பெண்கள் கேட்டார்கள். பெரிய விவாதமே நடந்தது. அதற்கப்புறம்தான் படத்தை அவ்வப்போது மாற்றுவதென்று ஏற்பாடாகி, 2012-ல் ஒரு புதுப் படம், 2018-ல் யாயேல் பர்தானா என்ற இஸ்ரேலியக் கலைஞரின் படம் என்று வந்தன. கல் மாறாது. உள்ளே இருப்பது மாறும். இது எனக்குப் பிடித்திருந்தது.

* * *

நாங்கள் நின்றுகொண்டிருந்தபோது ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் வந்தது. பதினைந்து வயசுப் பிள்ளைகள் இருபது பேர், கூட ஒரு டீச்சரம்மா.

கடைசி பெஞ்ச் என்பது உலகப் பொதுவான ஜாதி என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். முதலில் போன பையன் எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். பின்னால் நின்றவன் அவனை இடித்தான். இன்னொருத்தன் உதட்டைக் குவித்துச் சத்தம் எழுப்பினான். டீச்சர் அதட்டவே இல்லை. வரிசை நகர நகரச் சிரிப்பு தானாகவே குறைந்தது. கடைசியில் ஒரு பெண் போனாள். முகத்தை வைத்தவள் எடுக்கவே இல்லை. படம் ஒரு சுற்று முடிந்து மறுபடி ஆரம்பித்திருக்க வேண்டும். ஒருவரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

அப்புறம் டீச்சர் ஒரு கேள்வி கேட்டார். மச்சானின் மகள் எங்கள் காதில் மொழிபெயர்த்தாள்: "இந்தச் சட்டம் எந்த வருஷம் நீங்கிச்சுன்னு கேக்கறாங்க."

"1945" என்றான் ஒரு பையன். வகுப்பே தலையாட்டியது. எங்கள் மச்சானும் தலையாட்டினார். போர் முடிந்த வருஷமாயிற்றே!

டீச்சர் இல்லையென்று தலையசைத்துவிட்டு விடையைச் சொன்னார்.

1994.

மச்சான் பிரமித்துவிட்டார். "தொண்ணூத்து நாலா? நல்லாக் கேளும்மா, நாற்பத்து நாலா இருக்கப் போவுது!"

தொண்ணூற்று நாலுதான். இங்கேதான் கதையின் கொடுமையான பாகம் வருகிறது.

1945-ல் முகாம்களின் கதவு திறந்தது. மற்ற கைதிகள் வெளியே வந்து, பட்ட பாட்டைச் சொல்லி அழுதார்கள். உலகம் கேட்டது. ரோஸ் முக்கோணக்காரன் வெளியே வந்தால்? சட்டம் அப்படியே இருக்கிறது! 'என்னை எதற்காகப் பிடித்தார்கள்' என்று வாயைத் திறந்தால் அதுவே ஒப்புதல் வாக்குமூலம். சிலரை, மீதித் தண்டனையை அனுபவிக்கச் சொல்லி முகாமிலிருந்து நேரே ஜெயிலுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

மேற்கு ஜெர்மனி 1935-ல் ஹிட்லர் இறுக்கிய அதே வாசகத்தை 1969 வரை வைத்திருந்தது. அந்தக் காலத்தில் தண்டனை பெற்றவர்களும் சுமார் 50,000 பேர். ஹிட்லர் பன்னிரண்டு வருஷத்தில் செய்த கணக்கு, ஜனநாயகம் இருபது வருஷத்தில்! 'இந்தச் சட்டம் செல்லும்' என்று உச்சபட்ச அரசியல் சாசன நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. என்றைக்குத் தெரியுமா? 1957 மே 10. புத்தகங்களை எரித்த அதே தேதி, இருபத்து நாலு வருஷம் கழித்து.

1969-லும் 1973-லும் சட்டத்தைத் தளர்த்தினார்கள். 1994-ல்தான் பிரிவு 175 முழுசாகப் போனது. நாஜி காலத் தண்டனைகள் செல்லாது என்று சட்டம் போட்டது 2002-ல். போருக்குப் பிந்தைய தண்டனைகளை ரத்து செய்தது 2017-ல். ஒரு தண்டனைக்கு 3,000 யூரோ, சிறையில் கழித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 1,500 யூரோ நஷ்டஈடு. வாங்கிக்கொள்ள எத்தனை பேர் மிச்சமிருந்திருப்பார்கள், நீங்களே யோசியுங்கள்.

மச்சான் ரோட்டுப் பக்கம் திரும்பினார். சிக்னலில் தொப்பிக்காரன் சிவப்பாகக் கையை விரித்து நின்றான். இந்தப் பக்கம் பத்துப் பேர் சமர்த்தாக நின்றார்கள்.

"சட்டம்னா மதிக்கணும்னு சொன்னேன்ல..." என்று ஆரம்பித்தவர், வாக்கியத்தை முடிக்கவில்லை.

* * *

ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கல்லை விட்டு நகர முடியாது.

2008-ல் திறப்பு விழா நடந்தபோது, ரோஸ் முக்கோணம் அணிந்தவர்களில் ஒருவர்கூட உயிரோடு இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். யாருக்காகச் சின்னம் வைக்கிறோமோ அவர்களில் ஒருவருமே இல்லாமல் விழா நடந்தது. செய்தி பிரான்ஸில் ஒரு கிழவரின் காதுக்கு எட்டியது. 'நான் இருக்கேனே!' என்றார் அவர்.

ருடால்ஃப் பிராஸ்டா. 1913-ல் ஜெர்மனியில் செக் பெற்றோருக்குப் பிறந்தவர். இரண்டு தடவை இதே பிரிவில் தண்டனை. 1942-ல் பூகன்வால்ட் முகாம். கைதி எண் 7952. கூரை வேலை தெரிந்தவர் என்பதால் அந்தப் பிரிவில் போட்டார்கள். அது அவர் உயிரைப் பிடித்து வைத்தது. 1945 ஏப்ரலில் கைதிகளைக் கால்நடையாக விரட்டிக்கொண்டு போனபோது, கைதிகளுக்கு மேஸ்திரியாக இருந்த ஒருவர் இவரைப் பன்றிக் கொட்டடிப் பக்கம் ஒளித்து வைத்துக் காப்பாற்றினார்.

விடுதலைக்குப் பின் ஜெர்மனியில் இருக்கவில்லை. பிரான்ஸின் அல்சாஸ் பகுதிக்குப் போய்க் கூரை மேய்ந்து பிழைத்தார். அங்கே எடி என்று ஒருவரைச் சந்தித்தார். சேர்ந்து வாழ்ந்தார்கள். எடிக்கு வேலையில் விபத்து ஏற்பட்டு நடமாட்டம் போனது. முப்பது வருஷத்துக்கு மேல் கூட இருந்து கவனித்துக்கொண்டார் பிராஸ்டா. 2003-ல் எடி இறக்கும்வரை. நம் ஊரில் இதை ஒரு மனைவி செய்திருந்தால் என்ன பட்டம் கொடுத்திருப்போம்? இவருக்குத் தண்டனைப் பதிவேட்டில் ஒரு நம்பர்தான் இருந்தது.

திறப்பு விழா முடிந்த அடுத்த மாதம், 95 வயசில், இந்தக் கல்லைப் பார்க்க வந்தார். எட்டிப் பார்த்தார். அதற்கப்புறம் மூன்று வருஷம், கேட்ட இடத்திலெல்லாம் போய்ப் பேசினார். அறுபத்து மூன்று வருஷம் பேசாததையெல்லாம் சேர்த்துப் பேசினார். 2011 ஆகஸ்டில் போய்ச் சேர்ந்தார். ரோஸ் முக்கோணம் அணிந்தவர்களில் நமக்குத் தெரிந்த கடைசி மனிதர் அவர்தான்.

கல்லுக்கும் கஷ்டம் இல்லாமல் இல்லை. திறந்த சில மாதங்களிலேயே, 2008 ஆகஸ்டில், யாரோ வந்து ஜன்னல் கண்ணாடியை உடைத்தார்கள். மாற்றினார்கள். மறுபடி உடைத்தார்கள். மறுபடி மாற்றினார்கள். உடைக்கிற கையைவிட மாற்றுகிற கைக்குப் பொறுமை அதிகமாக இருந்திருக்கிறது.

* * *

பக்கத்தில் கதேயின் சிலை. அதற்கருகில் பெஞ்சில் உட்கார்ந்தோம். பையிலிருந்த தயிர்சாதத்தை மகள் எடுத்தாள். மச்சான் வேண்டாமென்றார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே பேசினார்.

"எங்க ஸ்கூல்ல ஒரு டிராயிங் மாஸ்டர் இருந்தார். எண்பத்து மூணு, எண்பத்து நாலு இருக்கும். அவரும் போஸ்டாபீஸ்ல வேலை பார்த்த ஒருத்தரும் சேர்ந்து வீடு எடுத்துத் தங்கியிருந்தாங்க. ஊர்ல முதல்ல சிரிச்சாங்க. அப்புறம் வீட்டுச் சுவத்துல கரியால எழுதினாங்க. ஒரு வெள்ளிக்கிழமை அவரை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டாங்க. திங்கட்கிழமை ஆள் இல்லை. டிரான்ஸ்ஃபர்னாங்க. அவர் வரைஞ்ச திருவள்ளுவர் படம் மட்டும் ஸ்டாஃப் ரூம்ல தொங்கிச்சு. கையெழுத்துப் போட்டிருந்த மூலையை மறைச்சாப்ல யாரோ காலண்டரை மாட்டிட்டாங்க. எங்கே போனாருன்னு ஒருத்தரும் கேக்கலை."

சற்று நிறுத்தி, "நானுந்தான்" என்றார்.

மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நம் ஊரிலும் 377 என்று ஒரு பிரிவு இருந்ததும், வெள்ளைக்காரன் 1860-ல் எழுதியதும், வயது வந்த இருவர் மனமொத்து இருப்பதைக் குற்றமென்று சொல்லக் கூடாது என்று 2018 செப்டம்பர் 6-ம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்ததும் உங்களுக்கு ஞாபகமிருக்கும். வாத்தியார் மனசு கணக்குப் போட்டது: "வந்ததுல ஜெர்மன்காரனுக்குப் பதினோரு வருஷம் முந்தி. போனதுல இருபத்து நாலு வருஷம் பிந்தி."

அப்புறம் தயிர்சாதத்தை வாங்கிச் சாப்பிட்டார்.

* * *

அந்தப் பக்கம் போகிறவர்களுக்காகச் சில விவரங்கள். டிக்கெட் கிடையாது. கேட், பூட்டு, வாட்ச்மேன் எதுவும் கிடையாது. பிராண்டன்பர்க் வாசல் ரயில் நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். யூதர்களின் நினைவிடத்துக்கு நேர் எதிரே, பூங்காவின் ஓரம். அதே நடையில் இன்னும் இரண்டையும் பார்த்துவிடலாம். நாடாளுமன்றக் கட்டடத்தின் பக்கத்தில், கொல்லப்பட்ட ரோமா, சிந்தி நாடோடி மக்களுக்காக 2012-ல் திறந்த வட்டக் குளம். நடுவில் ஒரு கல், அதன்மேல் தினமும் ஒரு புதுப் பூ. பூங்காவின் தெற்கே, மனவளர்ச்சி குன்றியவர்கள், ஊனமுற்றவர்கள் என்று பொறுக்கிக் கொன்றார்களே, அவர்களுக்காக 2014-ல் வைத்த நீலக் கண்ணாடிச் சுவர். 2005, 2008, 2012, 2014... இறந்த பிறகும் க்யூவில் நிற்க வேண்டியிருந்திருக்கிறது பாருங்கள்!

மறுநாள் வேறு வேலையாக நொலெண்டார்ஃப் பிளாட்ஸ் என்ற ரயில் நிலையத்தில் இறங்கினோம். ஹிட்லருக்கு முன்னால் தன்பாலீர்ப்பாளர்களின் விடுதிகளும் நடனக் கூடங்களும் நிறைந்திருந்த பேட்டை. 'எல்டொராடோ' என்ற பிரபலமான விடுதி இங்கேதான் இருந்தது. 1933-க்குள் எல்லாவற்றுக்கும் பூட்டு. இப்போது மறுபடி களைகட்டியிருக்கிறது.

நிலையத்தின் வெளிச்சுவரில் ரோஸ் நிறக் கல்லில் ஒரு முக்கோணம். 1989-ல் பதித்தது. டியர்கார்டன் கல்லுக்குப் பத்தொன்பது வருஷம் மூத்தது. அரசாங்கம் யோசித்துக்கொண்டிருந்த காலத்தில் அவர்களே வைத்துக்கொண்டது. அதில் இரண்டு வார்த்தைகள் பெரிதாக இருக்கும். முதல் வார்த்தைக்கு 'அடித்தே கொல்லப்பட்டவர்கள்' என்று அர்த்தம். இரண்டாவது வார்த்தை கேட்பதற்குக் கிட்டத்தட்ட அதே மாதிரி இருக்கிறது. ஆனால் அர்த்தம் வேறு. 'பேசாமலிருந்தே கொல்லப்பட்டவர்கள்.'

"பேசாம இருந்தே கொல்ல முடியுமாம்மா?" என்றார் மச்சான்.

"ஜெர்மன்ல அதுக்குன்னு ஒரு வினைச்சொல்லே இருக்கு அப்பா."

மச்சான் பாக்கெட் டைரியை எடுத்து, இரண்டு வார்த்தைகளையும் தமிழில் எழுதிக்கொண்டார். அதற்குக் கீழே ஒரு பெயரையும் எழுதினார். டிராயிங் மாஸ்டரின் பெயராக இருக்க வேண்டும். நான் எட்டிப் பார்க்கவில்லை.

ரயிலைப் பிடிக்க ஓடுகிற கூட்டத்தில் அந்தச் சுவர்ப் பக்கம் திரும்புகிறவர்கள் குறைவு. நாங்கள் நின்ற பத்து நிமிஷத்தில் எங்களைத் தவிர மூன்றே பேர் நின்று படித்தார்கள். நீங்கள் போனால் நாலாவது ஆளாக ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வாருங்கள். அடுத்த ரயில் சீக்கிரமே வந்துவிடும்.